தம்பிக்காக வைத்த பியர்க் குழாய்

எங்கள் வீட்டுப் பியர்க் குழாயைக் கழுவிப் பராமரித்தவள் நான்தான். பியரை ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்காதவள், வெள்ளிக்கிழமையில் முட்டையைக் கையால் தொடாதவள், அந்த வேலையைச் செய்தேன். வெம்பிளியில் இருக்கிற என் தங்கச்சி இப்போதும் இதைச் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கென்ன, சிரிக்கட்டும். அந்தக் குழாய் எதற்காக வந்தது என்று தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை.

அது என் கணவரின் தம்பிக்காக வந்தது. எண்பதுகளின் பிற்பகுதி அது. தென் லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், இரண்டு அறையும் ஒரு ஒடுங்கின கூடமுமாக ஒரு வீட்டில் இருந்தோம். என் கணவர் படிக்கவென்று ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது தம்பி அரைக்காற்சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு நாட்டில் சண்டை வந்தது. தாயும் தகப்பனும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். கொள்ளி வைக்கக்கூட இவரால் போக முடியவில்லை. மிஞ்சியது அந்தத் தம்பி ஒருவன். அவனை எப்படியாவது லண்டனுக்கு எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இவருக்கு இருந்த ஒரே நினைப்பு. சோற்றில் கை வைத்தாலும் அந்தக் கதைதான், கோயிலுக்குப் போனாலும் அந்தக் கதைதான்.

தம்பி ஒருவாறு கொழும்புக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து போன் எடுத்தான். குரல் தடித்திருந்தது. இவருக்கு முதலில் ஆளை மட்டுப்பிடிக்க முடியவில்லை. இத்தனை வருடம் கழித்து என்ன கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சுகமோ சுகமோ என்று மாறி மாறிக் கேட்டார்கள். கடைசியில் இவர் தான் வேலை செய்கிற பப்பைப் பற்றிச் சொல்லி, "நீ வா. வீட்டுக்குள்ளையே பைப் போட்டு உனக்குப் பியர் ஓட விடுறன்" என்றார். அந்தப் பக்கம் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்தில் நின்ற எனக்கே அது கேட்டது. போனை வைத்துவிட்டு இவர் கண்ணைத் துடைத்தார்.

"சிரிக்கிறான் பாத்தீரே. ஆள் வளந்திட்டான்" என்றார்.

வேறு ஆள் என்றால் அதைப் பகிடியாகவே விட்டிருப்பார். இவர் விடவில்லை.

இவர் பகலில் பெட்ரோல் நிலையத்திலும் பின்னேரத்தில் பப்பின் நிலவறையிலும் வேலை செய்தார். பீப்பாய் மாற்றுவதும் குழல் கழுவுவதும் அங்கே இவர் பொறுப்பு. அந்தப் பப்பைத் திருத்திக் கட்டியபோது பழைய குழாய் ஒன்றையும் காஸ் ரெகுலேட்டர் ஒன்றையும் குப்பையில் போடப் பார்த்தார்கள். இவர் கேட்டு வாங்கி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பிறகு ஒரு கூட்டாளி வேண்டாம் என்று விட்ட உயரமான பிரிட்ஜ் ஒன்று வந்தது. அதன் தட்டுகளைக் கழற்றி உள்ளே சின்னப் பீப்பாய் ஒன்றை இருத்தினார். கதவில் ஓட்டை போட்டுக் குழாயைப் பூட்டினார். சிலிண்டரிலிருந்து காஸ் போய்ப் பீப்பாய்க்குள் பியரை அமுக்கும். அமுங்கிய பியர் பிளாஸ்டிக் குழல் வழியாக ஏறிக் குழாயால் வரும். விஷயம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் எத்தனை வில்லங்கம் இருக்கிறது என்பதை என்னிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் அதைப் பின்னறையில் வைக்கப் பார்த்தார். சாமித்தட்டு இருந்ததும் அந்த அறையில்தான்.

"முருகனுக்கு நேர எதிரே கள்ளுத்தவறணை திறக்கப் போறியளோ?" என்று ஒரு பிடி பிடித்தேன். பிரிட்ஜை இழுத்துக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே வைத்தார்.

முதல் சனிக்கிழமை கூட்டாளிகள் வந்தார்கள். பியர் வந்தது, நுரை நிற்கவில்லை. ஊற்றிய கையோடு அடங்கிச் செத்துப்போனது. இவர் காஸைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், பிரிட்ஜைத் திட்டினார், பீப்பாயைத் திட்டினார். பப்பில் ஒருநாளும் இப்படி நடந்ததில்லை என்று தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பிழை இருந்தது என் குசினியில். இறைச்சிக்கறிச் சட்டியை உரஞ்சிய அதே பஞ்சால் கிளாஸ்களையும் கழுவியிருந்தேன். தேங்காய்ப்பால் கறியின் எண்ணெய்ப் பிடிப்பு கண்ணுக்குத் தெரியாது. நுரைக்குத் தெரியும். அன்றிலிருந்து பியர்க் கிளாஸுக்குத் தனிப் பஞ்சு, தனித் துணி, தனித் தட்டு. கோயில் பாத்திரத்துக்கும் இவ்வளவு ஆசாரம் இல்லை என்று கூட்டாளிமார் நக்கலடித்தார்கள்.

அடுத்த வில்லங்கத்தையும் நான்தான் செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குவது என் வழக்கம். குழாயும் பித்தளைதானே, அது மட்டும் ஏன் கறுத்துக் கிடக்க வேண்டும் என்று அதையும் மினுக்கினேன். பொன் மாதிரி மின்னியது. ஆனால் பியர் புளித்து மணக்கத் தொடங்கியது. இவர் குழாயைக் கழற்றி, அதன் வாய்க்குள் இருந்து புளித்தும்பை ஊக்கால் இழுத்தெடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன, ரசமே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தோம், ஏனென்றால் தம்பி வரப்போகிறான் என்றுதான் நம்பியிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் கழுவும் முறையை எனக்கு ஒழுங்காகப் பழக்கினார். இரண்டு வேலைக்கும் நடுவே அவருக்கு நித்திரைக்கே நேரம் போதாது. பீப்பாயிலிருந்து குழலைக் கழற்ற வேண்டும். கழுவுகிற மருந்தை அதற்குள் நிரப்பிக் கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும். பிறகு தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வழுவழுப்பு அறவே இல்லை என்கிற வரைக்கும். மருந்து மிஞ்சினால் குடிக்கிறவன் வயிறு வெந்துபோகும். காஸ் குறைகிறது என்றால் பூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவிப் பார்க்க வேண்டும். எங்கே குமிழ் விடுகிறதோ அங்கே றப்பர் வளையம் தேய்ந்திருக்கும். புதுப் பீப்பாய் வந்தால் ஒரு நாளாவது அசையாமல் ஆற விட வேண்டும். உலுப்பின பீப்பாய் நுரையைத்தான் தரும், பியரைத் தராது. இதை இவர் திருப்பித் திருப்பிச் சொல்லுவார்.

தம்பி, காசு வாங்கி ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரரோடு கொழும்பிலிருந்து வெளிக்கிட்டான். மொஸ்கோவிலிருந்து ஒரு போன் வந்தது. ஒரு அறைக்குள் நிறையப் பேர் இருக்கிறோம், குளிர் தாங்க முடியவில்லை, ஆனால் சுகம் என்றான். "அண்ணி, பைப் வேலை செய்யுதே?" என்று என்னிடமும் கேட்டான். இன்னொரு நாள் எடுத்து, "நாளைக்கு வெளிக்கிடுறம் அண்ணை" என்றான். எங்கே போகிறார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை.

அதோடு சரி. அவன் குரலைப் பிறகு நாங்கள் கேட்கவில்லை.

ஏஜென்சிக்காரன் முதலில் ஏதோ நாட்டு முகாமில் இருக்கிறான் என்றான். பிறகு ஜெயிலில் என்றான். பிறகு போனையே எடுக்காமல் விட்டான். ஜெர்மனியில், பிரான்ஸில், சுவிஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் விசாரித்தோம். நான் நொதேர்ன் லைன் ரயில் பிடித்து ஆர்ச்வேயில் இறங்கி, அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிப்போய் முருகன் கோயிலில் நேர்த்தி வைத்தேன். குளிர்காலம் போய்க் கோடை வந்தது, கோடை போய்த் திரும்பக் குளிர் வந்தது. தம்பியைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

குழாயை மட்டும் இவர் வறள விடவில்லை. பீப்பாய் இலேசாகிவிட்டது என்று தெரிந்தால் உடனே அடுத்தது வந்துவிடும். பியர் நெடுக நிற்காது, பழசாகிவிடும். அதனால் கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லுவார். "குடியுங்கோ, குடியுங்கோ. அவன் வரேக்கப் புதுசா இருக்கவேணும்" என்பார். தம்பி வரப்போகிறான் என்றிருந்த காலத்தில் ஆட்டம்பாட்டமாகக் குடித்த அதே மனிதர்கள், இப்போது தலையைக் குனிந்துகொண்டு மருந்து குடிப்பதுபோல் குடித்துவிட்டுப் போவார்கள். பிறகு பிறகு வராமலும் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காணாமல் போனவனுக்கு ஊற்றி வைத்தது ஆருக்குத்தான் இறங்கும்?

எனக்கு அந்தக் குழாயில் வெறுப்பே வந்தது. வேலையால் வந்ததும் வராததுமாக, "பைப் கழுவினீரே?" என்பார். சாப்பிட்டீரோ, குளிருக்குள் கடைக்குப் போனீரோ என்று ஒரு கேள்வி கிடையாது. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த தூரிகையைத் தூக்கிச் சிங்க்குக்குள் எறிந்தேன்.

"ஆருக்கு இது? சொல்லுங்கோ, ஆருக்குக் கழுவிறன்? இதை ஒருக்கா நிப்பாட்டினால் என்ன?"

அவர் கோபப்படவில்லை. அந்தத் தூரிகையை எடுத்துத் துடைத்தார்.

"நிப்பாட்டினால் அவன் வரமாட்டான் எண்டு நானே சொன்னமாதிரி" என்றார். "என்னால அது ஏலாது."

அடுத்த கிழமையும் கழுவினேன்.

தொண்ணூறுகள் தொடங்கிவிட்டன. ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது. இவர்தான் எடுத்தார். தெரியாத ஆள். "அண்ணை, நான் உங்கட தம்பியோட மொஸ்கோவில இருந்தனான். நாளைக்கு நேரில வந்து கதைக்கிறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இவர் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார். தம்பி எங்கோ இருக்கிறான், சேதி சொல்லி அனுப்பியிருக்கிறான், இல்லாவிட்டால் ஏன் நேரில் வருகிறார் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல சேதி என்றால் போனிலேயே சொல்லியிருப்பார்களே. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில், இருந்த பீப்பாய் பழசு என்று சொல்லிக் கூட்டாளியின் காரில் போய்ப் புதுப் பீப்பாய் ஒன்றை ஏற்றி வந்தார். வாசலில் உருட்டி, படியில் இடித்து, உடனேயே பிரிட்ஜுக்குள் வைத்துப் பூட்டினார். ஆற விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்.

மத்தியானம் அந்த ஆள் வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், மெலிந்து போயிருந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். எங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"விலாசம் ஒண்டும் தெரியாது அக்கா. மிச்சத்தில அண்ணை இருக்கிறார், வீட்டில பியர் பைப் போட்டிருக்கிறார் எண்டு உங்கட தம்பி சொல்லுவான். அது மட்டும்தான் தெரியும். என்னையும் முகாமில கனகாலம் வச்சிருந்தவங்கள். லண்டனுக்கு வந்து இஞ்ச இருக்கிற தமிழ்க் கடையளில கேட்டுக்கொண்டு திரிஞ்சனான். ஒரு கடைக்காரர் உடன சொல்லிப்போட்டார், அது இன்னார்தான் எண்டு. போன் நம்பரும் தந்தவர்."

"பாத்தீரே" என்றார் இவர் என்னைப் பார்த்து. "பாத்தீரே, நான் வச்சது வீண்போகேல்லை." எழும்பிப் போய்க் கிளாஸ் ஒன்றை எடுத்துக் குழாயைத் திருப்பினார். சீறிக்கொண்டு நுரை வந்தது. கிளாஸ் முழுக்க நுரை. அதை ஊற்றிவிட்டுத் திரும்பப் பிடித்தார். திரும்பவும் நுரை.

"அண்ணை, எனக்கு ஒண்டும் வேண்டாம். வந்து இருங்கோ" என்றார் வந்தவர்.

"பொறுங்கோ, காஸ் கூடிப்போச்சு" என்று இவர் குந்தியிருந்து ரெகுலேட்டரைத் திருகினார்.

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் இவருடைய முதுகைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். எல்லையைக் கால்நடையாகக் கடக்க விட்டார்களாம். காடு, முழங்கால் வரைக்கும் பனி. வெளிக்கிடும்போதே தம்பிக்குக் காய்ச்சல் இருந்ததாம். இரண்டு பேர் தோள் கொடுத்து நடத்தினார்களாம்.

"குழல் மடிஞ்சுபோச்சோ தெரியேல்லை" என்றார் இவர். பிரிட்ஜுக்குள் தலையை விட்டுக் குழலைத் தடவினார்.

ஒரு மரத்தடியில் தம்பி இருந்துவிட்டானாம். வழிகாட்டி வந்தவன் விட்டுவிட்டு வாருங்கள் என்று கத்தினானாம். "நாங்கள் விட்டிட்டு வரேல்லை அக்கா. மூச்சு நிண்ட பிறகுதான் எழும்பினனாங்கள். என்ர கையிலதான் போனது" என்று சொல்லி அவர் அழுதார்.

பிரிட்ஜுக்குள் ஸ்பானர் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. இவர் தலையை வெளியே எடுக்கவில்லை. பிறகு கதவைச் சாத்தி இன்னும் ஒரு கிளாஸ் பிடித்தார். நுரைதான். நான் போய்க் குழாயை மூடி, அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கினேன்.

"பீப்பாய் உலுப்புப்பட்டது" என்றேன். "ஆற விடுங்கோ."

"ஓம்" என்றார். "ஆற விடவேணும்." ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கை முழுக்கப் பியரோடு, கூப்பிட்டாலும் கேட்காதவர் மாதிரிக் குந்தியிருந்தார்.

பழக்கமான ஐயர் ஒருவரிடம் போனில் கேட்டோம். சாவு நடந்து ஒரு வருடத்துக்கு மேலே போய்க் கேள்விப்பட்டால் துடக்கு, தீட்டு ஒன்றும் இல்லை, கேட்டவுடன் தலையில் முழுகினால் போதும் என்றார். அவர் சொன்னது முறைதான். அவரில் பிழை இல்லை. ஆனால் இவர் குளியலறைக் கதவுக்கு முன்னால் துவாயோடு நின்று, "இவ்வளவு காலம் காத்திருந்ததுக்கு ஒரு முழுக்கோ?" என்று என்னைக் கேட்டார். முழுகிவிட்டு வந்து, "எட்டுச் செலவு செய்வம்" என்றார். கேள்விப்பட்டதிலிருந்து எட்டாம் நாள். போனவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. குடிக்கிறவர் என்றால் குடிவகையும் வைப்பது எங்கள் வழக்கம்.

அதற்கு முதல் நாள் கேட்டேன். "தம்பிக்கு என்னென்ன விருப்பம்? சொல்லுங்கோ, சமைக்க."

"பணிஸ்" என்றார். ஊர்ப் பேக்கரியில் விற்கிற இனிப்புப் பன் அது. "பள்ளிக்கூடம் விட்டால் பணிஸ் வேணும் எண்டு நிண்டு அழுவான்."

"அது சின்னனில. வளந்த பிறகு?"

அவர் யோசித்தார். கன நேரம் யோசித்தார். வளர்ந்த பிறகு தம்பியை அவர் கண்ணால் கண்டதில்லை. மீன் விருப்பமோ, இறைச்சி விருப்பமோ, உறைப்புச் சாப்பிடுவானோ, ஒன்றும் தெரியாது. கடைசியில், "பியர் இருக்குத்தானே" என்றார்.

தம்பியோடு வந்தவரையும் கூப்பிட்டிருந்தோம். சோறும் மீன்குழம்பும் மரக்கறிகளும், கடையில் வாங்கிய பணிஸும் இலையில் வைத்தேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்துச் சுவரோடு சாத்தியிருந்தோம். பீப்பாய் ஆறியிருந்தது. இவர் குழாயைத் திருப்ப, பியர் தெளிந்து வந்தது. நுரை இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. நான் இவ்வளவு காலம் கழுவியதில் அப்படி ஒரு கிளாஸ் வந்ததை அதற்கு முன் கண்டதில்லை. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படத்தடிக்கு வந்தார்.

வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணை, குறை நினைக்கக்கூடாது. அவன் குடிக்கிறேல்லை. அந்தக் குளிருக்கு நாங்கள் எல்லாரும் வொட்கா குடிச்சனாங்கள். அவன் தொட்டதேயில்லை."

இவர் கிளாஸோடு அப்படியே நின்றார்.

"லண்டனுக்குப் போய் அந்தப் பைப்பை என்ன செய்வாய் எண்டு நாங்கள் பகிடி பண்ணுறனாங்கள். 'அண்ணை ஆசையாச் செய்து வச்சிருக்கிறார். முதல் நாள் ஒரு கிளாஸ் குடிப்பன். பிறகு மெல்லமாச் சொல்லுவன்' எண்டு சொல்லுவான்."

இவர் குனிந்து கிளாஸைப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"ஒரு கிளாஸ் குடிச்சிருப்பான், என்ன?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. குடிச்சிருப்பான்."

"பிறகு என்னட்டச் சொல்லியிருப்பான்" என்றார் இவர். அதைச் சொல்லி முடிக்கவும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். சேதி கேட்ட அன்றைக்கு அழாத மனிதர் அப்போதுதான் அழுதார். வந்தவர் எழும்பிப் பிடிக்கப் போனார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.